எட்டு மணிக் கையெழுத்து

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன், பொய்யாக.

1999 பொங்கலுக்குப் புனே தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள். அரைப்பக்கம் காலியாக இருந்ததாம். "மல்லிகா, உங்க ஹாஸ்டல்ல ஒரு தமிழ்ப் பொண்ணு செத்துப்போச்சே, அதைப் பத்தி உருக்கமா ஒண்ணு எழுதிக் குடும்மா" என்றார்கள். குடுத்தேன். 'விதி பறித்த மலர்' என்று தலைப்பு. காலனின் கொடிய கரங்கள், கருகிய மொட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் போட்டேன். யாருடைய கரம், எந்தப் பூட்டு, எத்தனை மணி என்று மட்டும் ஒரு எழுத்து எழுதவில்லை. படித்துவிட்டு மூன்று மாமிகள் அழுதார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட ஜென்மம்.

போன வருஷம், அதாவது 2006இல், புனேக்குப் பக்கத்துத் தளேகாவ் ஸ்டேஷன் வாசலில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆரோக்கியசாமி. செத்துப்போன ரெஜினாவின் அப்பா. அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப்பையிலிருந்து அந்த மலரின் பழைய பக்கத்தை எடுத்துக் காட்டினார்—

(இல்லை. எடுத்துக் காட்டியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் முருங்கைக்காய்தான் இருந்தது.)

"எம்மா, நீ எழுதுனத அப்பவே வாசிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா விதின்னு போட்டிருக்கியே? விதியா கேட்டப் பூட்டிச்சு? ஒரு ஆளுல்லா பூட்டுனான்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை அதிகம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கத்தரிக்காய் வாங்கத் தோன்றவில்லை.

அதனால் மறுபடியும் எழுதுகிறேன். இந்தத் தடவை பூவும் இல்லை மொட்டும் இல்லை.

2

தொடங்குவதற்கே பத்து நாள் ஆயிற்று. 'அன்று வானம் அழுதுகொண்டிருந்தது' என்று தொடங்கினேன். ஆகஸ்டில் புனேயில் வானத்துக்கு வேறு வேலையே கிடையாது என்று அடித்துவிட்டேன். 'ரெஜினா மிகவும் நல்ல பெண்' என்று தொடங்கினேன். ஏன், கெட்ட பெண்ணாக இருந்தால் குத்திப் போட்டுவிட்டுப் போகலாமா? அதையும் அடித்தேன். தவிர, அவள் என் ஷாம்புவைக் கேட்காமல் எடுத்து, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாவதாக, 'கிருஷ்ணப்ரியா அந்தக் கையெழுத்தைப் போட்டபோது அவள் கை—' என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது என்று எழுத வந்தேன். நடுங்கவே இல்லை. வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி சாதாரணமாகப் போட்டாள். தினமும் யாராவது யாருக்காவது போடுவதுதான்.

அதை விளக்காமல் கதை நகராது. எங்கள் பெண்கள் விடுதியில் இரவு எட்டு மணிக்கு ஒரு ரிஜிஸ்டர் வரும். தொண்ணூற்றிரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். எட்டுக்குள் வந்தவள் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தடவை கட்டம் காலியாக இருந்தால் ரெக்டர் மேடம் வீட்டுக்குக் கடிதம் போட்டுவிடுவார். (புனேயில் வார்டனை ரெக்டர் என்பார்கள்.) 'தங்கள் மகள் அகாலத்தில் வெளியே இருக்கிறாள்' என்று கடிதம் போனால், பெற்றவர்கள் அடுத்த ரயிலில் வந்து பெட்டியைக் கட்டிக் கூட்டிப்போய்விடுவார்கள். அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஆகவே லாபில் வேலை முடியவில்லை, பஸ் வரவில்லை என்றால் பக்கத்துக் கட்டில்காரி போட்டுவிடுவாள். பக்கத்து அறையிலிருந்த எனக்கும் கிருஷ்ணப்ரியா எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிடுவது மாதிரி ஒரு உதவி, அவ்வளவுதான்.

(இந்தப் பல்கலைக்கழகத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். அதன் சுவரையும் கேட்டையும் நான்தான் கட்டினேன். மழையும் லோக்கல் ரயிலும் மட்டும் புனேயுடையவை.)

3

இனி கிருஷ்ணப்ரியாவின் பக்கத்திலேயே இருப்போம். கோயம்புத்தூர்ப் பெண், வேதியியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், ரெஜினாவின் அறைத்தோழி.

ரெஜினா சனிக்கிழமை மத்தியானம் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுத் தளேகாவுக்கு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் மெஸ் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள்: நாளை முதல் பின் கேட் இரவு எட்டரைக்குப் பதில் ஏழு மணிக்கே பூட்டப்படும். காரணம் எதுவும் போடவில்லை. கையெழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. தொண்ணூறு பேர் அதைப் படித்துத் திட்டிவிட்டுச் சப்பாத்திக்குப் போனோம். ஊரில் இல்லாதவளுக்கு யார் சொல்வது?

பின் கேட்தான் ரயில் நிலையத்துக்குப் பக்கம். அது பூட்டியிருந்தால் சுவரை ஒட்டி முன் கேட்டுக்குச் சுற்றி வர வேண்டும். மூன்றரை கிலோமீட்டர், ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ராணுவக் காலி நிலம், நடுவில் எரியாத விளக்குக் கம்பங்கள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கிருஷ்ணப்ரியாவுக்குச் சுருக்கென்று உறைத்தது. 'ஐயோ, இவளுக்குத் தெரியாதே!' ரெஜினா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஃபோன் நம்பர் அவளிடம் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வாசல் வரைக்கும் வரிசை. பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். துணி வேறு காய்ந்துகொண்டிருந்தது, மழை வரப்போகிறது. 'வந்து பார்த்தா தெரிஞ்சுக்குவா, சுத்தி வந்துருவா' என்று திரும்பிவிட்டாள்.

ரெஜினா வழக்கமாக ஆறு இருபது லோக்கலைப் பிடிப்பாள். ஏழேகாலுக்கு மேல் பின் கேட்டுக்கு வருவாள். பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சுற்றி வர எட்டு தாண்டும் என்று கிருஷ்ணப்ரியா கணக்குப் போட்டாள். ரெஜினாவுக்கு ஏற்கெனவே இரண்டு காலிக் கட்டம். எட்டு மணிக்கு ரிஜிஸ்டர் வந்தது. கிருஷ்ணப்ரியா தன் கட்டத்தில் போட்டாள். அடுத்த கட்டத்தில் ரெஜினாவுக்கும் போட்டாள்.

எட்டே முக்காலுக்கு ஒரு ஆட்டோக்காரர் சுவரோரச் சாக்கடையில் ரெஜினாவைப் பார்த்தார். கழுத்தில் கத்திக்குத்து. மெல்லிசுச் சங்கிலியும் தோள்பையும் போயிருந்தன. உயிர் எப்போதோ போயிருந்தது.

(கொன்றவர்கள் இரண்டு பேரும் ஆறு மாதத்தில் பிடிபட்டார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு இவ்வளவுதான் இடம். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன.)

4

திங்கட்கிழமை ஒரு வகுப்பும் நடக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றுபோயிற்று. கேன்டீன்காரர் அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு வந்து புல்லில் உட்கார்ந்தார். நூலகத்தார் வந்தார்கள், தோட்டக்காரர்கள் வந்தார்கள், தலைமுடியைக் கோதிக்கொண்டே எப்போதும் ஆங்கிலத்தில் அதட்டும் இயற்பியல் பேராசிரியர் வந்து மராத்தியில் விம்மி அழுதார். செவ்வாய்க்கிழமை மோர்ச்சா. கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு மூவாயிரம் பேர் மழையில் போலீஸ் கமிஷனர் அலுவலகம் வரை நடந்தோம். கோஷம் கிடையாது. ஒரே ஒரு பலகைதான் முன்னால் போயிற்று: 'கேட்டைப் பூட்டியது யார்?'

எனக்கு அந்த மூவாயிரம் பேரையும் இன்னும் பிடிக்கும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை பல்கலைக்கழகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. 'விடுதிப் பதிவேட்டின்படி மாணவி எட்டு மணிக்கு விடுதிக்குள் இருந்திருக்கிறார். அதன்பின் அனுமதியின்றி வெளியேறியுள்ளார். பின் கேட்டுக்கும் இச்சம்பவத்துக்கும் தொடர்பில்லை.'

அவ்வளவுதான், காற்று மாறிப்போயிற்று. நேற்று அழுத வாய்களே இன்று, "எட்டு மணிக்கு மேல அவளுக்கு வெளியில என்ன வேலை?" என்றன. மெஸ்ஸில் ஒருத்தி, "யாரையாவது பார்க்கப் போயிருப்பா" என்றாள். நான் அவள் தட்டில் பருப்பு ஊற்றினேன். கிருஷ்ணப்ரியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ரெக்டர் மேடம் தொண்ணூற்றொரு பேரையும் கூட்டி, "இங்கே யாராவது எப்போதாவது இன்னொருத்திக்காகக் கையெழுத்துப் போட்டதுண்டா?" என்று கேட்டார். தொண்ணூற்றொரு பேரும் தரையைப் பார்த்தோம்.

விஷயம் உங்களுக்குப் புரிகிறதில்லையா? அந்தக் கையெழுத்து இருக்கிற வரைக்கும் ரெஜினா பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கவே இல்லை. ராத்திரியில் ஊர்சுற்றப் போனவள். தகப்பனுக்கு அதைத்தான் எழுத்தில் கொடுப்பார்கள். கையெழுத்துப் பொய் என்று சொன்னால், சொன்னவளை விடுதியை விட்டும் படிப்பை விட்டும் துரத்துவார்கள். அந்தப் பொய்யை எழுதிய கை கிருஷ்ணப்ரியாவுடையது. தோழியைக் காப்பாற்றத்தான் எழுதினாள்.

5

இப்போது கனகவல்லி. இவளை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கனகவல்லி விடுதி உதவியாளர், வேலூர்க்காரி, மற்றவர்களுக்கு மௌஷி, தமிழ்ப் பெண்களுக்குக் கனகாக்கா. ரிஜிஸ்டரை அறை அறையாகத் தூக்கிப்போய், ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. முட்டி வலி. ஆகவே இரண்டு வருஷமாக ரிஜிஸ்டரை நடையில் ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, அரை மணி கழித்து எடுத்துக்கொண்டு போவாள்.

முதல் பிரதியில் இவளை மகாத்மா ஆக்கியிருந்தேன். கிருஷ்ணப்ரியாவின் தோளைத் தட்டி, "உண்மையைச் சொல்லும்மா" என்கிறாள், பின்னணியில் மழை. என் கணவர் படித்துவிட்டு, "இந்த அம்மா யாரு, டி.வி. சீரியல்ல வராங்களா?" என்றார். மனுஷனுக்கு எப்போதாவது சரியாகச் சொல்ல வரும்.

நடந்தது இது. வியாழன் காலை கனகாக்கா துணி உலர்த்தும் மாடிக்குக் கிருஷ்ணப்ரியாவைத் தேடிக்கொண்டு வந்தாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"ஏய், அது உன் கைதானே?"

"ஆமாங்க்கா. நாந்தானுங்க போட்டேன்."

"தெரியும். ரெண்டு வருசமா தெரியும். யார் யாருக்குப் போடறீங்கன்னு நான் கண்ண மூடிக்கினே சொல்வேன். இத பாரு, வாய தொறக்காத. நீ தொறந்தா நான் ஸ்டூல்ல வச்சது வெளிய வரும். எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் கீது. வீட்டுக்காரரு படுத்த படுக்கை. போனது போச்சு. அந்தப் பொண்ணு திரும்பியா வரப்போவுது?"

"அவ திரும்பி வரமாட்டாங்க்கா. ஆனா அவளப் பத்திப் பேசறது நின்னுருமுங்க."

"பேசறவங்க எதுக்கும் நிக்க மாட்டாங்க. இன்னிக்கி அவள பேசுவாங்க, நாளைக்கி உன்ன பேசுவாங்க." கனகாக்கா ஈரத் துணிகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்" என்றாள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கையை நீட்டினாள்.

கிருஷ்ணப்ரியா பதறிப்போய் பின்னால் நகர்ந்தாள். படியிறங்கி ஓடிவிட்டாள்.

(கனகாக்காவை வெறுங்கோழை என்று எழுதினாலும் பொய். படிக்கிறவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.)

அன்று சாயங்காலம் கிருஷ்ணப்ரியா அதே பூத்தில் வரிசையில் நின்றாள். இந்தத் தடவை நாற்பது நிமிஷம், கடைசி வரைக்கும். கோயம்புத்தூரில் அப்பா கல்யாணசுந்தரம் எடுத்தார். வங்கி அதிகாரி, வம்பு என்றாலே பத்தடி தள்ளி நடப்பவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"அம்மிணி, நீ அங்க படிக்கப் போன. படிச்சமா, வந்தமான்னு இரு சாமி. நீ ஒண்ணும் கொல பண்ணலையே."

"இல்லீங்கப்பா. நான் அன்னைக்கு இதே பூத்துல வரிசையில நின்னனுங்க. பத்தே பேரு. துணி நனையுதுன்னு திரும்பிட்டனுங்க."

மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிருஷ்ணப்ரியாவுக்கு அது போதுமாக இருந்தது. பூத்துக்கு வெளியே வந்து அழுது தீர்த்தாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, பல்கலைக்கழகம் போட்டிருந்த விசாரணைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்.

6

கமிட்டியில் மூன்று பேர். பழைய வாசிப்பு அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சன்னலுக்கு வெளியே விடுதிப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றோம். பேசியது பாதி ஆங்கிலம், பாதி ஹிந்தி. தமிழாக்கியது நான்.

முதலில் பின் கேட் வாட்ச்மேன் ஷிந்தே காகாவைக் (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா) கூப்பிட்டார்கள். ஏழுக்குப் பூட்டினேன், அறைக்குள் இருந்தேன், யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்தது கிருஷ்ணப்ரியா. தலைவர் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாருடையது?"

"என்னுடையது."

"ரெஜினா என்று எழுதியிருக்கிறதே?"

"பெயர் அவளுது. கை என்னுது."

"அவள் அப்போது விடுதியில் இல்லை?"

"இல்லை. சனிக்கிழமை போனவ திரும்பவே இல்லை. கேட் ஏழுக்கே பூட்டுறாங்கன்னு அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சுத்தி வரணும், எட்டுக்கு வந்து சேர முடியாதுன்னுதான் போட்டேன்."

தலைவர் பேனாவை மூடினார். "இதற்குப் பெயர் ஃபோர்ஜரி. என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும். எழுதிக்குங்க. ஆனா முதல்ல கேட் பூட்டியிருந்ததுன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ ஃபோர்ஜரின்னு எழுதுங்க. அந்த வரிசையில எழுதுங்க."

சபாஷ்டி பெண்ணே! இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு நிமிஷம் பொறுங்கள்.

சரி. தலைவர், "ஒரு ஃபோர்ஜரிக்காரியின் சொல்லை எப்படி நம்புவது? உதவியாளர் முகம் பார்த்துத்தானே கையெழுத்து வாங்குகிறார்?" என்றார். கனகவல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்து கிருஷ்ணப்ரியாவைப் பார்க்காமல் நின்றாள். இவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. வேலை தங்கும், ரிஜிஸ்டர் தங்கும், செய்திக்குறிப்பு தங்கும்.

"நான் மொகத்த பாக்கறதில்ல சார்" என்றாள். "ஸ்டூல் மேல வெச்சிட்டுப் பூடுவேன். முட்டி நோவுது. ரெண்டு வருசமா அப்பிடித்தான். அந்தப் பொண்ணு சொல்றது நெசம்."

வியாழக்கிழமை கிருஷ்ணப்ரியாவின் காலைப் பிடிக்க வந்தவள் எப்படி மாறினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். பின்னால் நானே கேட்டிருக்கிறேன். "அங்க வெச்சி சன்னலாண்ட நின்ன பசங்க மொகத்த பார்த்தேன். வாயில வேற வரல" என்றாள். இதற்கு மேல் மனசைத் தோண்டி ஒரு பக்கம் எழுத எனக்கு வரும். எழுதவில்லை.

7

இந்த இடத்தில் கதை முடிய வேண்டும். மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில், சன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் எல்லோரும் ஒருத்தி பின் ஒருத்தியாக, "நானும் போட்டேன்" என்று உள்ளே நுழைகிறோம். எழுதும்போது கண்ணீர் கொட்டியது. மறுநாள் படித்தால் பச்சைப் பொய். யாரும் நுழையவில்லை. கிருஷ்ணப்ரியா என் கட்டங்களில் போட்ட கையெழுத்துகள் அதே ரிஜிஸ்டரில் அதே மேஜையில் இருந்தன, நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அந்த முடிவைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், கமிட்டி நியாயம் சொல்கிறது. அது ஒரு பத்தியைக்கூடத் தாண்டவில்லை, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது, உள்ளபடி. கிருஷ்ணப்ரியாவை விடுதியிலிருந்து நீக்கினார்கள். பரீட்சை மட்டும் எழுத விட்டார்கள். கனகவல்லியை வேறு அலுவலகத்துக்கு மாற்றி, சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அறிக்கையில் ஒரே வரி: 'பதிவேட்டை நம்புவதற்கில்லை.' அனுமதியின்றி வெளியேறினாள் என்ற வார்த்தை போயிற்று. கேட் என்ற வார்த்தை வரவே இல்லை.

அன்று சாயங்காலம்தான் எங்களுக்கு வெட்கம் வந்தது. ஆறே முக்காலுக்கு நாங்கள் போய்ப் பின் கேட்டின் நடுவில் உட்கார்ந்தோம். கதவை இழுத்தால் எங்கள் மேல்தான் இழுக்க வேண்டும். மறுநாள் ஆண்கள் விடுதியும் வந்தது, அதற்கு மறுநாள் அந்த இயற்பியல் பேராசிரியர் நாற்காலி போட்டுக்கொண்டு வந்தார். கேன்டீன்காரர் வடாபாவ் கொண்டுவந்தார். பதினோரு நாள் மழையில், ஒரு நாள்கூட ஏழு மணிக்குப் பூட்ட விடவில்லை. பன்னிரண்டாம் நாள் சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினார்கள். ஒன்பது வரை கேட் திறந்திருக்கும், சுவரோரம் பதினாலு விளக்கு போடுவார்கள் என்றார்கள். போட்டார்கள். நானே எண்ணினேன்.

இப்படித் தலை நிமிர்ந்து முடிக்கலாம் என்றிருந்தேன். முடித்தும்விட்டேன். ஆரோக்கியசாமியிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பலாம் என்று போன சனிக்கிழமை தளேகாவுக்குப் போனேன். கிருஷ்ணப்ரியாவும் வந்தாள். இப்போது சாகணில் ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் சோதிக்கும் லாபில் இருக்கிறாள்.

8

முன்னறையில் உட்கார்ந்து படித்தேன். அவர் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டார், சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக்கூடாதாம். ஷாம்பு வந்த இடத்தில் சிரித்தார். "அது அம்மாகிட்டயும் அப்படித்தான் செய்யும்" என்றார். 'அந்த வரிசையில எழுதுங்க' என்ற இடத்தில் கிருஷ்ணப்ரியாவின் தலைமேல் கை வைத்தார். முடித்தேன். அவர் எழுந்து ஃபேனை மறுபடி போட்டார்.

"எம்மா, ஒண்ணு தப்பா இருக்கு. ஆறு இருபது வண்டின்னு போட்டிருக்க. அன்னைக்கி அதுல போகல. மழை வருதுன்னு நாந்தான் அவசரப்படுத்தி ஆறு அஞ்சு வண்டில ஏத்திவிட்டேன்."

நான் கணக்குப் போடுவதற்குள் கிருஷ்ணப்ரியா போட்டுவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துத்தான் நான் போட்டேன். ஆறு அஞ்சு என்றால் ஆறு ஐம்பதுக்கு இறங்கியிருப்பாள். நடந்து பத்து நிமிஷம். ஏழு மணிக்குக் கேட் முன்னால்.

"அப்ப, பூட்டும்போது எம்புள்ள அங்கதான் நின்னுருக்கா?" என்றார் ஆரோக்கியசாமி. "கூப்பிட்டிருக்குமே. அது சும்மா நிக்கிற பிள்ள இல்லையே."

"கமிட்டில நீங்க ஏங்க இதச் சொல்லல?" என்றாள் கிருஷ்ணப்ரியா. கத்தினாள் என்றே சொல்லலாம்.

"என்னை யாரும் கேக்கலியேம்மா. போலீசு கேக்கல, கமிட்டி கேக்கல." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ரெண்டு தடவ எழுதியிருக்க. நீயும் கேக்கல."

செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எல்லோருக்கும் நியாயம் பேசி ஏழு பாகம் எழுதியவள், பெற்றவரிடம் பிள்ளை எந்த வண்டியில் வந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கமாக ஆறு இருபது என்பது எனக்குத் தெரியும், எழுதிவிட்டேன்.

ஷிந்தே காகா ஓய்வுபெற்றுக் கசார்வாடியில் மகனுடைய ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் குடியிருக்கிறார். கனகாக்காதான் விசாரித்துச் சொன்னாள். அவர் அறைக்கும் கேட்டுக்கும் பத்தடி. ரெஜினா வந்தாளா, கம்பியைத் தட்டினாளா, காகா என்று கூப்பிட்டாளா, எவ்வளவு நேரம் நின்றாள், இவர் என்ன பதில் சொன்னார், அல்லது நிஜமாகவே மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையா, எல்லாம் உலகத்தில் அந்த ஒரு மனுஷனுக்குத்தான் தெரியும்.

அவர் அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். கதவைச் சாத்துவதாக இன்னொன்று எழுதினேன். இரண்டிலும் அவரைப் பேச விடாமல் நானே பேசியிருந்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தையே கற்பனையில் கட்டிவிட்டேன், அந்த ஏழு மணியை என்னால் கட்ட முடியவில்லை. கட்டவும் மாட்டேன்.

நாளை ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கசார்வாடி. ஆரோக்கியசாமி லோக்கலில் வருகிறார், கிருஷ்ணப்ரியா பஸ்ஸில் வருகிறாள். கேள்வியை அவர்தான் கேட்கப்போகிறார், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நிற்போம். கிடைக்கிற பதில் அவருடையது. அதை எழுதலாமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு முடிவு இல்லாமல் இருப்புக்கொள்ளாது என்று தெரியும். கற்பனை செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. வந்தாள், கூப்பிட்டாள், அவர் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் எதுவும் கேட்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் அதை ஆரோக்கியசாமியின் முகத்தைப் பார்த்து, வாய்விட்டு உங்களால் சொல்ல முடிய வேண்டும்.